பட்டாணி அறைச் சுவர் மஞ்சளான படலம்

வாழ்க! அடுக்குமாடிகளின் நடுவயிற்றில் கயிற்றில் தொங்கும் இரும்புப் பெட்டிகளின் கொற்றவன் வாழ்க! இரு தளங்களுக்கு இடையே மாட்டிக்கொண்டு, காய்கறிப் பையும் கையுமாகக் கதறுவோரைக் கதவு பிளந்து சிறைமீட்கும் கருணைக்கடல் வாழ்க! எண்ணெய் படிந்த விரலினன், இடுப்பில் ஸ்பேனர் அணிந்தோன், ஏறுதல் இறங்குதல் தவிர ஏனைய அசைவுகளில் நம்பிக்கையற்றோன், லிஃப்ட் மெக்கானிக் குலத்து மாமணி, அவன் சுவரொடு பொருத பெருங்கதையைச் சொல்லப் புகுந்தோம். விளிம்பு நெளிந்த நீல வாளியே, நீயே இக்கதைக்குக் காப்பு. உன் அடியில் கட்டி தட்டாதிருக்கட்டும். எம் நாவிலும் கட்டி தட்டாதிருக்கட்டும்.

இவ்வீரனுக்கு ஒரு மகள் இருந்தாள். வயது ஐந்து. உருண்டையாக இருப்பதாலும் ஓரிடத்தில் நில்லாது உருண்டோடுவதாலும் பட்டாணி என்று பெயர் பெற்றவள். பிறந்த நாள்தொட்டு அப்பனுக்கும் அம்மைக்கும் நடுவே குறுக்காகப் படுத்து, இரவுதோறும் அப்பன் விலாவெலும்பைக் குதிகாலால் பதம்பார்த்து, கட்டிலென்னும் பெருநிலப் பரப்பை ஒரு குடைக்கீழ் ஆண்டுவந்தவள். அவளுக்கென்று அடுத்த அறை இருக்கத்தான் செய்தது. ஓடாத மின்விசிறியும், உடம்பு இளைக்க வேண்டும் என்று வாங்கி உடம்பு இளைக்காமலே ஓய்வுபெற்ற சைக்கிளும் அங்கே குடியிருந்தன. அவற்றை நாடுகடத்திவிட்டு அவளைக் குடியேற்றப் பெற்றோர் முயன்றபோதெல்லாம் அவள் வாசற்படியோடு நின்றுகொண்டாள். காரணம், ஒரு சுவர். சாம்பல் பூத்து, ஈரம் கண்டு, நட்டநடுவே இரண்டு கண்ணும் ஒரு கோணல் வாயும் போலக் கறை படிந்த அந்தச் சுவரைச் சுட்டிக்காட்டி, "அது என்னையே பாக்குதுப்பா" என்று அவள் சொன்னாள். வீரன் பார்த்தான். பார்க்கத்தான் செய்தது.

ஒரு டப்பா பெயின்ட் வாங்கிப் பூசினால் தீரும் வழக்கு அல்லவா இது என்பீர். தீராது. முன்பொருமுறை மாடிப்படிக்கு வண்ணம் அடித்தபோது, அந்த வாடையில் பட்டாணிக்குத் தும்மல் பிடித்து, தும்மல் இழுப்பாகி, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போலக் கேட்டது. மாடி மாடியாகத் தொங்கும் பெட்டியின் தலைமேல் நின்றும் நடுங்காத அவ்வீரன் அந்தச் சின்ன விசிலுக்கு நடுங்கினான். வாடை அடிக்கும் பூச்சு எதுவும் வீட்டுக்குள் வரவேண்டாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆகவே, பழுதுபட்ட லிஃப்டுகளுக்குள் உட்கார்ந்தபடியே கைபேசியில் கலைகள் பல கற்று, பாலாலும் மண்ணாலும் மாவாலும் சுண்ணாம்பாலும் வண்ணம் செய்வது எப்படி என்று தெளிந்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு உணவின்போது, வாயில் சோற்றுருண்டை இருக்கையிலேயே, இயற்கைப் பூச்சால் அவ்வறையை அலங்கரிப்பேன் என்று சூளுரைத்தான்.

அவ்வமயம் எதிரே அமர்ந்து உண்டுகொண்டிருந்தவன் யார்? மனைவியின் தம்பி. தெருமுனைப் பெயின்ட் கடைக்கு உடையோன், ஆயிரம் நிறங்களை விசிறி மடிப்பில் அடக்கிய அட்டையைச் சட்டைப்பையிலேயே சுமப்போன், யார் வீட்டுக்கு விருந்துண்ணப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்போன். அக்காள் மகளுக்காக வாடை குறைந்த உயர்ரகம் ஒன்றைத் தானே இலவசமாகத் தருவதாக அன்று மாலைதான் அவன் சொல்லியிருந்தான். சொன்னது தள்ளப்பட்டதும் அவன் மீசை துடித்தது.

"பாலும் மாவும் பூசினா அதுக்குப் பேரு சுவர் இல்ல மாமா, சாப்பாடு. எறும்பு பந்தி போட்டு உக்காந்துக்கும்."

வீரன் சோற்றுருண்டையை விழுங்கினான். விழுங்கிய ஓசை வீட்டுக்கே கேட்டது.

"ஞாயித்துக்கிழமை இருட்டுறதுக்குள்ள பட்டாணி அந்த ரூம்ல தூங்கியிருப்பா. இல்லன்னா, மாப்ள, ஒரு வாரம் உன் கடைக்கு வந்து நானே டப்பா குலுக்குறேன்."

தோற்றால் தன் கடைப் பலகையில் தன் பெயருக்கு மேலே மாமாவின் பெயரை எழுதிவைப்பதாக மைத்துனனும் எதிர்ச்சூள் உரைத்தான். இருவரும் இல்லத்தரசியை நோக்கினர். அவளோ பல் மருத்துவர்; முப்பத்திரண்டின் பேரரசி; பெருங்குரலெடுத்துப் பேசும் ஆடவரையெல்லாம் 'ஆ' என்னும் ஓரெழுத்துக்குச் சுருக்கிவிடும் ஆற்றலினள். வீடு நாறாமல் இருந்தால் சரி என்று ஆணையிட்டு, மோர் ஊற்றிக்கொண்டாள்.

நிறத்தைத் தெரிவு செய்யும் உரிமை பட்டாணியுடையது. மஞ்சள் என்றாள். எந்த மஞ்சள்? எலுமிச்சையா, முட்டைக் கருவா, பள்ளிப் பேருந்தா? மூன்றையும் தலையசைத்துத் தள்ளினாள். வாழைப்பழம் ஒன்றை உரித்து, பழத்தை உண்டு, தோலின் உட்புறத்தை அப்பன் மூக்குக்கு நேரே நீட்டி, "இந்தப் பக்கம். வெளிப்பக்கம் இல்ல" என்றாள். அத்தோலை வீரன் இரு கையாலும் ஏந்திப் பெற்று, போர்க்கொடி போல் ஜன்னற்கம்பியில் தொங்கவிட்டான். விடிவதற்குள் கொடி கறுத்துப்போயிற்று. அதன்பின் அந்நிறம் அப்பன் மகள் இருவர் நெஞ்சில் மட்டுமே இருந்தது. இரு நெஞ்சிலும் ஒன்றாக இருந்ததா என்பது ஐயமே.

சனிக்கிழமை காலை போர் தொடங்கிற்று. தலையில் பழைய துண்டைக் கிரீடமாகச் சூடி, கிழிந்த பனியனைக் கவசமாகப் பூண்டு, உப்புத்தாளை வாளென உருவி, வீரன் சுவர்மேல் பாய்ந்தான். தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கப் புழுதி கார்மேகம் போல் எழுந்தது. கறை முகம் மட்டும் கொஞ்சமும் அசையாமல், முன்னைவிடப் பளிச்சென்று, வாய் இன்னும் சற்றே கோணி அவனைப் பார்த்தது. இருக்கட்டும் என்று எண்ணி, சுண்ணாம்பை வாளியில் கரைத்தான். பால்வெள்ளைப் பரப்பு அலையடித்தது. சமையலறைப் படையெடுப்பில் கைப்பற்றி வந்த மஞ்சள்தூள் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, கண்மூடி, கரண்டிக் காம்பால் கடைந்தான். கடல் கடைந்தோர்க்கு நஞ்சும் வந்தது அமுதும் வந்தது. இவன் கடைந்த வாளியிலோ, கண் திறந்து பார்த்தபோது, குங்குமச் சிவப்பு வந்தது.

வீரன் பின்வாங்கினான். மேலும் தூள் கொட்டினான். மேலும் சிவந்தது. வெட்டுண்ட யானைகள் வீழ்ந்த களம்போல் வாளி செக்கச்செவேலென்று கொதித்து நின்றது. மருத்துவமனைக்குப் புறப்பட்ட பேரரசி செருப்பு மாட்டியபடியே எட்டிப் பார்த்து, சுண்ணாம்பில் மஞ்சளைப் போட்டால் சிவக்கும் என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்த சங்கதி என்று தெரிவித்துவிட்டுப் படியிறங்கினாள். அறிந்ததுதான். அவனும் அறிந்ததுதான். ஆவேசம் வந்தால் அறிவு லிஃப்டில் ஏறிப் போய்விடுகிறது. கூப்பிட்டாலும் உடனே கீழே வருவதில்லை. இருந்தாலும் மனம் பொறாமல் சுவரின் ஒரு மூலையில் ஒரு கீற்றுப் பூசிப் பார்த்தான். பட்டாணி அதைத் தலைசாய்த்துப் பார்த்தாள். பல் மருத்துவர் மகளல்லவா, பிறர் வாய்க்குள் பார்த்துப் பழகிய கண் அல்லவா, தயங்காமல் தீர்ப்பளித்தாள்.

"இது தொண்டை வலி கலர்."

முதற்போரில் தோற்றோன் துவண்டானா? இல்லை. சுண்ணாம்பைத் துறந்து மாவைத் தழுவினான். மைதாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பேற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டிக் கிண்டி, தோள் கழன்று, முகம் வியர்த்து, போஸ்டர் ஒட்டும் பசை போன்ற ஒரு குழம்பை ஈன்றெடுத்தான். மிஞ்சிய மஞ்சள்தூளை அதில் தூவினான். ஆகா! சிவக்கவில்லை. மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. களிப்பு மிகுந்து, தூரிகை தேடிப் பால்கனிக்கு ஓடினான். ஓடுமுன் மகள் கையில் கரண்டியைத் தந்து, விடாமல் கிண்டிக்கொண்டிரு என்றான். அவள் கிண்டினாள். வேறு சிலவும் செய்தாள். அவை பின்னர் விளங்கும்.

அதன்பின் நிகழ்ந்த பூச்சை என்னென்று புகழ்வோம்! மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், மேலிருந்து கீழ் என்று தன் தொழில் தந்த இரண்டே திசைகளில் தூரிகை ஏறி இறங்க, மூலைமுடுக்கெல்லாம் பொன்வெயில் பரவ, கறை முகத்தின் இடக்கண் மூடிற்று, வலக்கண் மூடிற்று, கோணல் வாயும் மூடிற்று. அப்பனும் மகளும் கைகோத்து வெறுந்தரையில் குதித்தனர். கீழ்வீட்டார் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தனர். அதை வெற்றி முரசு என்று கொண்டு இன்னும் குதித்தனர். பின் இருவரும் உண்ணச் சென்றனர்.

உண்டு திரும்பிய வீரன் வாசற்படியில் நின்றான். சுவர் நகர்ந்துகொண்டிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நெருங்கிப் பார்த்தான். எறும்பு! ஜன்னல் விளிம்பிலிருந்து இறங்கிய சிற்றெறும்புச் சேனை, கதவிடுக்கில் நுழைந்த கட்டெறும்புச் சேனை, சுவிட்சுப் பெட்டியின் துளைவழியே ஒற்றன் போல் தலைநீட்டிப் பின் ஊரையே அழைத்துவந்த செவ்வெறும்புச் சேனை. தூசிப்படையும் கொடிப்படையும் இன்றியே, முரசும் சங்கும் முழங்காமலே, வரிசை குலையாமல், ஒன்றோடொன்று முகம் தொட்டுச் செய்தி சொல்லி, முன்னே போனது பின்னே வருவதற்கு வழிவிட்டு, எல்லாம் அந்த மஞ்சள் பெருவெளியில் பந்தி போட்டு உட்கார்ந்திருந்தன. மைத்துனன் வாக்கு சொல் மாறாமல் பலித்துவிட்டது. வீரன் முதலில் செய்த காரியம், அச்செய்தி தெருமுனை போய்ச் சேராதபடி ஜன்னலைச் சாத்தியதுதான்.

வெறும் மைதாவுக்கா இத்தனை கூட்டம் என்று அவன் வியந்து நிற்கையில், பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் உண்மையைச் சொல்லிற்று.

"வாழைப்பழ மஞ்சள்னா இனிக்கணும்லப்பா. அதான் சக்கரை போட்டேன்." சற்றுப் பொறுத்து, "டப்பால இருந்தது எல்லாத்தையும்" என்றது.

கோபம் எழுந்தது, எழுந்த வேகத்தில் சிரிப்பு வந்து அதன் காலை வாரிவிட்டது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பின் எழுந்து ஈரத்துணி ஏந்திப் போர் தொடுத்தான். பூச்சிமருந்து அடிக்க வழியில்லை. அதன் வாடைக்கும் அந்த விசில் வரும். ஆதலால் ஒரு கைத்துணியே ஆயுதமாக, இடப்பக்கம் துடைத்தால் வலப்பக்கம் ஏறும், வலப்பக்கம் துடைத்தால் முழங்கை வழியே கக்கத்துக்குள் ஏறும் அந்த மாயப்படையோடு பிற்பகல் முழுதும் பொருதான். வீரத் தழும்பு ஏறாத இடம் அவன் உடலில் இல்லை. பட்டாணி முக்காலிமேல் ஏறிநின்று, கழுத்துல ஒண்ணு, காதுல ஒண்ணு என்று போர்நிலவரம் அறிவித்தவண்ணம் இருந்தாள்.

அந்தி சாயும் வேளையில் பேரரசி வந்தாள். களத்தை ஒருமுறை பார்த்தாள். கணவன் காதிலிருந்து ஓர் எறும்பை இரு விரலால், பல் பிடுங்கும் பதவிசோடு, வலிக்காமல் எடுத்தாள். பின் கைப்பையைத் திறந்து, நோயாளிகளின் ஈறுகளைச் சாந்தப்படுத்தும் சிறு குப்பி ஒன்றை எடுத்து நீட்டினாள். கிராம்பு எண்ணெய்! நெருப்பு அம்புக்கு நீர் அம்பு போல, எறும்புக்கு அதுவே மாற்றுப்படை. வெந்நீரில் அதைச் சொட்டுவிட்டுத் துடைக்கத் துடைக்க, அந்த வாசம் மூக்கில் ஏறிய சேனைகள் சோற்றையும் சுற்றத்தையும் விட்டுச் சிதறி, வந்த துளைகளுக்குள் தலைதெறிக்க ஓடின. எறும்பு ஒழிந்தது. கூடவே மஞ்சளும் ஒழிந்தது. துடைத்த துணியோடு பொன்வெயில் முழுதும் வாளிக்குள் இறங்கிவிட, சாம்பல் மறுபடி பூத்தது. வலக்கண் திறந்தது. இடக்கண் திறந்தது. கோணல் வாய் முன்னிலும் கோணலாகச் சிரித்தது.

பட்டாணி அதைப் பார்த்தாள். கையில் கொண்டுவந்திருந்த தலையணையைத் தரையில் இழுத்துக்கொண்டே பெரிய அறைக்குத் திரும்பிப் போனாள். எறும்பு கடித்த இடங்களைவிட அந்தத் தலையணை தரையில் உரசிப்போன ஓசை அவ்வீரனுக்கு அதிகம் வலித்தது.

ஞாயிறு காலை, எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் ஒருமுறை நேரும் பாதாளப் பயணம் அவனுக்கும் நேர்ந்தது. பகைவன் கோட்டைக்கு அவன் நடந்தே போனான். துண்டுக் கிரீடம் இல்லை. கன்னத்தில் ஓர் எறும்புக்கடி எலுமிச்சை போல் வீங்கியிருந்தது. டப்பாக்கள் கோபுரமாக எழுந்த அக்கடையின் நடுவே, குலுக்கு இயந்திரம் கடகடவென்று அவனுக்காகவே உறுமிக்கொண்டிருக்க, மைத்துனன் மாமாவின் கன்னத்தைப் பார்த்தான். பார்த்தவுடன் எல்லாம் விளங்கிக்கொண்டான். அவன் உதடுகள் ஒரு மாபெரும் நையாண்டிக்காகப் பிரிந்தன. அதற்குள் வீரன் முந்திக்கொண்டான்.

"அந்தச் சுவரப் பாத்தா அவளுக்குப் பயமா இருக்கு மாப்ள."

பிரிந்த உதடுகள் மூடிக்கொண்டன. இயந்திரம் நின்றது. மைத்துனன் கடையின் பின்னறைக்குள் புகுந்து, எதையெதையோ உருட்டித் தள்ளி, தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தபோது, அவன் கையில் வெகுகாலமாக விலைபோகாத ஒரு தகரடப்பா இருந்தது. உள்ளே மஞ்சள் மண்பொடி. ஆற்றங்கரை மண்ணை அரித்துக் காயவைத்த மென்பொடி. மண்ணானபடியால் சுண்ணாம்பைக் கண்டு சிவக்காது, பாலைக் கண்டு திரியாது. கடைக்கதவைச் சடசடவென்று இழுத்துவிட்டு அவன் பிரகடனம் செய்தான்.

"பந்தயம் அப்படியே இருக்கட்டும் மாமா. பிரஷ் மட்டும் நான் எடுத்துட்டு வரேன்."

நேற்றைய பகைவர் இன்று ஒரே வாளியைச் சுற்றி அமர்ந்தனர். பாலைக் காய்ச்சி, வினிகர் விட்டுத் திரித்து, துணியில் வடித்து, வடிந்த கட்டியில் கையளவு சுண்ணாம்பைச் சேர்க்க, அது குழைந்து பசையாயிற்று. அதில் மண்பொடி விழுந்தது. கெட்டுப்போகாதிருக்கவும் எறும்பு அண்டாதிருக்கவும் கிராம்பு எண்ணெயில் சில துளி விழுந்தது. புதிதாக நிரப்பிய சர்க்கரை டப்பா பேரரசியின் நேரடிக் காவலில் வைக்கப்பட்டது, பட்டாணியும்தான்.

பூசத் தொடங்கியதும் கூட்டணிக்குள் கலகம் மூண்டது. மைத்துனன் இடமும் வலமுமாக இழுப்போன். அதுவே முறை என்றான். வீரன் ஏற்றமும் இறக்கமும் அன்றி வேறு அறியான். தன் வாழ்நாளில் எதுவும் பக்கவாட்டில் போய் உருப்பட்டதில்லை என்றான். ஒருவன் இழுத்த கோட்டை மற்றவன் குறுக்கே வெட்டினான். வெட்டிய கோட்டை முன்னவன் மறுபடி வெட்டினான். முக்காலிமேல் நின்றவனுடைய தூரிகை கீழே நின்றவனுடைய வழுக்கையிலும், கீழே நின்றவனுடையது மேலே நின்றவனுடைய முழங்காலிலும் மஞ்சள் முத்திரை பதித்தன. இரண்டு மதயானைகள் ஒரு குளத்தில் இறங்கினால் குளம் எப்படிக் கலங்குமோ அப்படிக் கலங்கிற்று சுவர். முடித்துவிட்டு விலகி நின்று பார்த்தபோது, ஐயகோ, மஞ்சளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! ஈரத்தில் அது மழைக்காலச் சேற்றுக் குட்டை போல் கறுத்து நின்றது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சுவரில் சாய முடியாததால் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து தரையில் உட்கார்ந்தனர்.

அப்போது மேகம் விலகி, மேற்கு ஜன்னல் வழியே வெயில் உள்ளே வந்தது. சுவரின் ஓரம் உலரத் தொடங்கிற்று. உலர்ந்த இடம் வெளுத்தது. வெளுத்த இடம் மெல்ல மெல்ல, யாரும் பூசாமலே, உள்ளிருந்து ஊறி வருவதுபோல் மஞ்சளாயிற்று. நெடுக்கும் குறுக்குமாக இருவர் போட்ட சண்டையெல்லாம் மென்மேகம் போல் ஒன்றில் ஒன்று கலந்து, ஓரிடம் சற்று அடர்ந்தும் ஓரிடம் சற்று வெளிறியும் மூச்சுவிடுவதுபோல் நின்றது. கண் இல்லை. வாய் இல்லை. முகம் இருந்த இடமே தெரியவில்லை. மைத்துனன் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, விசிறியாக விரித்து, சுவரோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். ஆயிரத்தில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

நீதிபதி அழைக்கப்பட்டாள். பட்டாணி தலையணையை அணைத்தபடி வாசற்படியில் நின்றாள். மாமன் மூச்சை அடக்கினான். அப்பன் ஏற்கெனவே அடக்கியிருந்தான். அவள் ஓரடி வைத்தாள், மறு அடி வைத்தாள், முகம் இருந்த இடத்துக்கு நேராகப் போனாள், விரலால் தொட்டாள், விரலைப் பார்த்தாள், ஒட்டவில்லை. பிறகு, மூவுலகும் காத்திருக்க, மூக்கைச் சுவரில் ஒட்டவைத்து நெடுமூச்சாக உள்ளிழுத்தாள். தும்மல் வருமோ? விசில் வருமோ? வீரனின் நெஞ்சு, கயிறு அறுந்த பெட்டி போல் பல மாடிகள் கீழே இறங்கிற்று.

"அம்மா வாசனை வருது" என்றாள் பட்டாணி.

நாள்தோறும் மருத்துவமனையிலிருந்து பேரரசி கையிலும் கழுத்திலும் கூந்தலிலும் சுமந்துவரும் அதே கிராம்பு வாசம்! நிறத்தைப் பற்றிப் பட்டாணி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாழைத்தோலா, உட்புறமா, வெளிப்புறமா என்று கேட்கவுமில்லை. தலையணையைச் சுவரோரம் தரையில் போட்டாள். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கால் இரண்டையும் மடக்கி, அறையில் நின்ற மூவரையும் ஒருமுறை பார்த்து, இனி நீங்கள் போகலாம் என்பதுபோல் கண்ணை மூடினாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. அவள் மூச்சு விசிலின்றிச் சீராக வந்து போயிற்று.

பால் காய்ச்சியவன் அவன், எறும்போடு பொருதவன் அவன், பாதாளம் சென்று மீண்டவன் அவன். வென்றதோ பேரரசியின் குப்பியில் இருந்த சில துளி. வீரன் மனைவியைப் பார்த்தான். அவள் சிரித்துவிடாமல் இருக்கக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பந்தயத்தில் வென்றது யார் என்று வீரனும் மைத்துனனும் கிசுகிசுப்பாக வாதாடத் தொடங்க, இருவர் சட்டைக் காலரையும் இரு கையால் பற்றி, "ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டீங்க. சத்தம் போடாம வெளிய வாங்க" என்று தீர்ப்புரைத்தாள்.

ஆயினும் வெற்றித் திருமகன் உடனே அகலவில்லை. வாளியைக் கால்மாட்டில் நிறுத்தி, தூரிகையைச் செங்கோலாக ஏந்தி, எறும்புக்கடி வீங்கிய திருமுகத்தில் மாலைவெயில் பட்டு ஒளிர, காவிரியும் கடலும் கண்ட வேந்தன் தான் கொண்ட நாட்டை மலையுச்சியில் நின்று நோக்குவதுபோல், அந்தப் பொன்மதிலையும் அதன் நிழலில் துயிலும் மகளையும் கண்ணாரக் கண்டு, நெஞ்சு விம்மி, தோள் பூரித்து, இனி இவ்வுலகில் தனக்குச் செய்யத்தக்க அருஞ்செயல் யாதும் இல்லை என்னும் பெருமிதத்தோடு மெல்ல இடப்பக்கம் திரும்பினான், வலப்பக்கம் திரும்பினான், பின்னாலும் திரும்பிப் பார்த்தான்.

இன்னும் மூன்று சுவர்கள் பாக்கி இருந்தன.